ஏரிக்கு எத்தனை அடி?

அவளுக்கு ஊரில் பட்டப்பெயர் 'அடி கேட்டவ'. ஐந்தாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மலைக்கு மேலே இருக்கும் ஏரியைப் பற்றி வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஏரிக்கு அடியே கிடையாது, ஆதிகாலத்தில் யாரோ போட்ட கல் இன்னும் கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றார். வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. இவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"அடி இல்லைன்னா தண்ணி எது மேல சார் நிக்குது?"

வாத்தியார் முறைத்தார். இவளுக்கு முறைப்பின் பொருள் விளங்கவில்லை. கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்டால் பதில் வருமென்று நினைத்துவிட்டாள்.

"சரி சார், ஏரிக்கு எத்தனை அடி?"

"உனக்கு எத்தனை அடி வேணும்?"

பிரம்பு பேசியது. பதில் தெரியாதவர் கையில் ஒரு பிரம்பும் இருந்துவிட்டால் போதும், எந்தப் பொய்யும் நூறு வருடம் வாழும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் 'அடி கேட்டவ, அடி கேட்டவ' என்று வீடுவரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். கேட்டதும் உண்மை, வாங்கியதும் உண்மை. ஆகவே அவளால் அதை மறுக்கவும் முடியவில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், மடிப்பு அறையில் வேலை. பட்டப்பெயர் சுருங்கி 'அடியக்கா' ஆகியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவள் கைநீட்டுகிறவள் போலிருக்கிறது என்று பயந்து ஒரு வாரம் ஒதுங்கியே நிற்பார்கள். பிறகுதான் தெரியும், அவள் நீட்டுவது கையை அல்ல, கேள்வியை. உலர்த்தும் எந்திரம் கொஞ்ச நேரம் வலப்பக்கம் சுற்றிவிட்டு ஏன் இடப்பக்கம் திரும்புகிறது? மழைக்காலத்தில் மட்டும் சோப்பு ஏன் அதிகம் நுரைக்கிறது? இரத்தக்கறையை வெந்நீரில் போட்டால் ஏன் போகாமல் பிடித்துக்கொள்கிறது? பேருந்து நடத்துனரான அவள் கணவர் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்: "உன்கூட குடும்பம் நடத்துறது தினமும் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு. அதுலயும் எனக்கு எப்பவும் பாதி மார்க்குதான்."

மடிப்பு அறையில் ஜன்னல் உயரத்தில் இருந்தது. நீள நீளமாக மேசைகள். துணியைத் தேய்த்துக் காயவைக்கும் சூடான உருளைகளுக்கு இடையிலிருந்து படுக்கைவிரிப்புகள் சுடச்சுட வந்து விழும். எதிரெதிரே இருவர் நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடிப்பார்கள். "முனையைக் குடு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் நடந்து வந்து கொடுக்க, விரிப்பு பாதியாகும். மறுபடி "முனையைக் குடு", கால் பாகமாகும். நாள் முழுக்க அந்த அறையில் வேறெந்த வார்த்தையைவிடவும் அதிகமாகக் கேட்பது அதுதான். பெரிய விரிப்புக்கு நின்று நடந்துதான் ஆகவேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் தலையணை உறைக்கும் துண்டுக்கும் நோயாளி அங்கிக்கும் எதற்காக நிற்கவேண்டும்? ஒருத்தி தனியாக மேசையில் வைத்து மடிக்கிற சாமான் அது. அதற்கும் காலையிலிருந்து மாலைவரை நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருத்தியாகக் குனிந்து காலணியின் நாடாவைத் தளர்த்துவாள்.

"நின்னு மடிச்சாத்தான் மடிப்பு நேரா வரும்" என்பது மேற்பார்வையாளரின் வாக்கு. சுழல்நாற்காலியில் அரைவட்டம் அடித்துக்கொண்டே அதைச் சொல்வார்.

அடியக்கா சும்மா இருப்பாளா? "உட்கார்ந்து மடிச்சு யாரு சார் பார்த்தா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால், டீ குடிக்கும் மூலையில் இருந்த ஒரே பெஞ்சையும் காணோம். கேட்டது ஒருத்தி, கால் கடுத்தது அத்தனை பேருக்கும்.

அன்றைக்கு மதியம் சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெட்டை பொரிந்து தள்ளினாள். நெட்டை என்றால் நிஜமாகவே நெட்டை. கதவுக்குக் குனிவாள். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கிறாள். அறையில் யாருடைய கால் அதிகம் வீங்கும் என்று பார்த்தால் அவள் காலாகத்தான் இருக்கும்.

"அடியக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடிட்டு இரு. நீ கேக்குற ஒவ்வொரு கேள்விக்கும் எங்ககிட்ட இருந்து ஏதாவது ஒண்ணு போகுது. அடுத்தது என்ன, சுவரா? இதுல சாயுறோம்னு இதையும் எடுத்துட்டுப் போயிடுவான்."

"நான் தனியா கேட்டேன், அதான் எடுத்தான். எல்லாரும் சேர்ந்து கேட்டா எடுக்க முடியுமா?"

"உன்னை நம்பியா? நீ அடியில்லாத ஏரிக்கே அடி கேட்ட ஆளு."

"அடி இல்லாத ஏரின்னு எவனாவது அளந்து பார்த்தானா?"

பக்கத்திலிருந்த 'மடிப்பு' சிரித்தாள். அவளுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்ததல்ல. கையில் எது கிடைத்தாலும் மடித்துவிடுவாள். மிட்டாய்க் காகிதம், பேருந்துச் சீட்டு, பேசிக்கொண்டிருப்பவரின் சட்டைக்கை, எதுவும் தப்பாது. அவளுடைய தம்பி சலவைக்கூடத்து வண்டியோட்டி. லீவு கிடைத்தால் தடித்த சக்கரம் போட்ட மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காணாமல் போய்விடுகிறவன். அவன் வாயில் சோற்றோடு சொன்னான்: "ஞாயித்துக்கிழமை அந்த ஏரிக்குத்தான் அக்கா போறேன். பாதை நல்லாயிருக்கும். வேணும்னா வாங்க, கூட்டாளிங்ககிட்ட சைக்கிள் வாங்கித் தர்றேன். போய் அளந்துட்டு வந்துடுங்க, பிரச்சனை தீர்ந்துது."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் நெட்டை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி, இப்படி வெச்சுக்குவோம். ஏரிக்கு அடி இருந்துச்சுன்னா திங்கட்கிழமை நான் உன் பக்கத்துல நின்னு நாற்காலி கேக்குறேன். இல்லைன்னா, இந்த அறையில நீ இனிமே கேள்வியே கேக்கக் கூடாது. ஏன், எதுக்கு, யாரு, எதுவும். சம்மதமா?"

நெட்டை வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். கேள்வி கேட்காத அடியக்கா எப்படி இருப்பாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

"சம்மதம்" என்றாள்.

அளக்கக் கயிறு வேண்டுமே. கிழிந்து கழிக்கப்பட்ட விரிப்புகள் துடைப்புத்துணி மூட்டையில் கிடந்தன. கிடங்குப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளங்கை அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டாள். ஒரு துண்டு ஒரு விரிப்பு நீளம். ஆயிரம் தடவை வெந்து வெளுத்த துணி. இனிமேல் சுருங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தார். "ஏரியைக் கட்டி வீட்டுக்கு இழுத்துட்டு வரப்போறியா?" என்று அங்கிருந்து கத்தினார்.

கனத்துக்கு, எரிந்துபோன பழைய நீராவி இஸ்திரிப்பெட்டி ஒன்று கிடைத்தது. அடிப்பக்கம் தட்டையாக, ஆவி வரும் சின்னச் சின்னத் துளைகளோடு இருந்தது. கல்லைவிட இதுதான் தோது, கட்டுவதற்குக் கைப்பிடியும் இருக்கிறது. கயிற்றை மட்டும் மடிப்பின் வீட்டில் கொடுத்துவிட்டாள், சாமான்களைத் தம்பி கட்டட்டும் என்று. அங்கேதான் விஷயம் கோணலாயிற்று. அது அப்போது யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை அடியக்கா, நெட்டை, மடிப்பு மூவரையும் சைக்கிள்களோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலை முடிகிற இடம்வரைக்கும் தம்பி வந்தான். அங்கிருந்து, மரம் ஏற்றும் வண்டிகள் ஒருகாலத்தில் போன மண்பாதை. அடியக்கா சைக்கிள் மிதித்தவள்தான், ஆனால் இத்தனை பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளைத் தொட்டதில்லை. தம்பி சொல்லிக்கொடுத்தான்: "ஏத்தத்துல முன்னாடி சின்னதுக்கு மாத்துங்க, பின்னாடி பெருசுக்கு மாத்துங்க."

"ஏன், முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு?"

"மாத்துங்க அக்கா, லேசா இருக்கும்."

"லேசா இருக்கும்னு தெரியுது. எதுனால லேசா இருக்குன்னுதான் கேக்குறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். அவளே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதிக்கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பின்சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று பார்த்தாள். சின்னதில் போட்டால் சக்கரம் குறைவாக நகர்ந்தது. "ஓகோ, ஒரே வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக் கொடுக்குது. வேலை குறையல, தவணை கூடுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"இன்னும் ஏரியே வரல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா" என்றாள் நெட்டை. அவளுக்குக் கிடைத்த சைக்கிள் சின்னது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கைப்பிடியில் போய் இடித்தது.

பாதை கொண்டையூசி வளைவுகளாக ஏறியது. இருபக்கமும் ஊசியிலை மரங்கள். சக்கரம் உதிர்ந்த ஊசிகளின் மேல் சத்தமில்லாமல் உருண்டது. மரங்களுக்கு நடுவே கீழே ஊர் தெரிந்தது, பிறகு ஊரின் கூரைகள் மட்டும், பிறகு மருத்துவமனைப் புகைபோக்கி மட்டும். அதற்குக் கீழேதான் தங்கள் மடிப்பு அறை என்பதை நம்ப முடியவில்லை. இஸ்திரிப்பெட்டி அவள் முதுகுப்பையில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் கூர்முனை முதுகெலும்பில் ஒரு குத்து விட்டது. அவர்கள் ஓய்வெடுக்க நின்றபோது, எதிரே நடந்து இறங்கிய ஒருவர் பையின் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல துணி தேய்க்கவா போறீங்க?"

"ஏரி கசங்கியிருக்குன்னு சொன்னாங்க" என்றாள் நெட்டை, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அந்த மனிதர் இரண்டு வளைவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

உயரம் கூடக்கூட மரங்கள் குள்ளமாயின. முதலில் ஆளுயரம், பிறகு இடுப்பளவு, கடைசியில் முழங்காலளவுக்கு வளர்ந்து தரையோடு படுத்துக்கிடந்தன. ஒரு கோட்டுக்கு மேல் மரமே இல்லை. யாரோ அளவு வைத்து வெட்டியது போல. காற்றா, குளிரா, மண்ணா எது காரணம் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், மூச்சு வாங்கியதால் பாதிக் கேள்வி மனசுக்குள்ளேயே நின்றுபோனது. பாறை இடுக்குகளில் அழுக்குப் பனி கிடந்தது. கொழுத்த முயலைப் போல ஏதோ ஒன்று கல்லின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து விசிலடித்துவிட்டு உள்ளே மறைந்தது. பனி உருகிய ஓடையொன்று பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கடந்தார்கள். நெட்டை நடுவில் நின்றுவிட்டாள்.

"என்னடி, வழுக்குதா?"

"இல்லக்கா. காலு வலி தெரியல. கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

அந்தத் தண்ணீரில் அவள் வீங்கிய கணுக்கால்களைப் பார்த்தபோது அடியக்காவுக்கு ஏரியே ஒருகணம் மறந்துபோனது. இந்தப் பந்தயம் தன் வாய்க்காக மட்டுமல்ல என்பது உறைத்தது. தோற்றால் இந்தக் கால்கள் திங்கட்கிழமையும் நிற்கும். அதற்கடுத்த திங்கட்கிழமையும் நிற்கும்.

கடைசி ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். மேட்டின் விளிம்புக்கு வந்ததும் தம்பி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு கையை நீட்டினான்.

பாறைச்சுவர்களுக்கு நடுவே ஏரி கிடந்தது. நீலமென்றும் சொல்ல முடியாது, பச்சையென்றும் சொல்ல முடியாது. பச்சைக் கண்ணாடியில் ஒரு சொட்டுப் பால் விட்டுக் கலக்கிய நிறம். மலைகள் அதில் தலைகீழாக நின்றன. நால்வரும் மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஏன் இந்த நிறம்?" என்றாள் அடியக்கா மெதுவாக.

"கேட்டுக்க, கேட்டுக்க. இன்னிக்கு வரைக்கும்தான்" என்றாள் நெட்டை. ஆனால் அவளும் கண்ணை எடுக்கவில்லை.

கரையில் ஒரு விடுதி இருந்தது. அதன் முன்னால் படகுத்துறை. பொதுப்பாதை முடிகிற பக்கத்தில் பெரிய பலகை: 'அடியில்லா ஏரி. இறங்காதீர்.' விடுதியின் பக்கத்திலோ, தண்ணீருக்குள் இறங்க வழவழப்பான மர ஏணி போட்டு, இரண்டு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

துறையில் இருந்த வயதான படகுக்காரரிடம் அடியக்கா போய் நின்றாள். "அண்ணே, விருந்தாளி இறங்குற எடத்துல மட்டும் ஏரிக்கு அடி வந்துடுமா?"

அவர் முதலில் சுற்றும்முற்றும் பார்த்தார், பிறகு சிரித்தார். "கீழேயிருந்து வர்றவங்க எல்லாரும் இறங்கினா அறைவாடகை கொடுக்குறவங்களுக்கு அமைதி கெடும்னு முதலாளி நினைக்கிறார். அடி இல்லைன்னு சொன்னா வேலி போடுற செலவு மிச்சம். படகுல ஏறுறவங்களுக்கும் நடு ஏரியில நிறுத்தி, 'இங்க அடியே இல்லை'ன்னு நான் சொல்லணும். சொன்னா ஒரு நடுக்கம் வரும் பாருங்க, அதுக்குத்தான் அவங்க காசு கொடுக்குறாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் துடுப்பின் நீரை வழித்துவிட்டார். "தினமும் சொல்றேன். சில நாள் சொல்லி முடிச்சதும் கீழ ஒரு பார்வை பார்ப்பேன். ஒருவேளை இருக்குமோன்னு. எட்டிப் பார்க்கறதோட சரி."

அவள் பையைத் திறந்து இஸ்திரிப்பெட்டியைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், துணிக்கயிற்றைப் பார்த்தார், விடுதியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் அது. "நாலு பேருக்கு மேல படகு தாங்காது" என்றார். தம்பி சைக்கிள்களுக்குக் காவலாகக் கரையில் நின்றான்.

நடு ஏரியில் படகை நிறுத்தினார். "இதுதான் நான் சொல்ற எடம்."

மடிப்பு கயிற்றை எடுத்தாள். கயிறு பார்க்கவே கச்சிதமாக இருந்தது. முறுக்கேறி, கெட்டியாக, சுருளாக. வீட்டிலேயே நுனியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த பக்கத்தில் இஸ்திரிப்பெட்டியை இறுக்கி முடிந்தாள். மறுபக்கத்தைப் படகின் குறுக்குப் பலகையில் மாட்டினாள். அடியக்கா பெட்டியைத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு முறை மின்னியது, பச்சையாகியது, மறைந்தது. கயிறு விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. தொடுமா, தொடாதா என்பதைத் தவிர யாருக்கும் வேறு நினைப்பில்லை. முடிச்சுகளை எண்ணவேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை.

கயிறு இறங்கியது, இன்னும் இறங்கியது, பிறகு குறுக்குப் பலகையில் வெடுக்கென்று நின்றது. அவ்வளவுதான். அடியில் கனம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

துடுப்பிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

"தொடல" என்றாள் நெட்டை. வென்றவள் குரலாக அது இல்லை.

கயிறு முடிந்துபோனதற்கும் ஏரி முடியாமல் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று அடியக்காவின் வாய்வரைக்கும் வந்தது. அதுதான் நியாயமான கேள்வி. கை எட்டாத பரணில் சாமானே இல்லையென்று எவளாவது சொல்வாளா? ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம். கயிறு போதுமா என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டியவள் அவள்தான். அவள் கேள்வியை விழுங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக விழுங்கிய கேள்வி.

"இழு" என்றாள்.

மூவரும் இழுத்தார்கள். ஈரக்கயிறு படகுக்குள் குவிந்தது. இஸ்திரிப்பெட்டி சொட்டச்சொட்ட வந்து பலகையில் உட்கார்ந்தது. அதன் துளைகளில் வெறும் தண்ணீர். மடிப்புக்கு அந்தக் குவியலைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீளமான ஈரத்துணி, மடிக்காமல் கிடக்கிறது. அவள் கை தானாக நீண்டது, வாயும் தானாகச் சொன்னது:

"முனையைக் குடு."

நெட்டை பலகையில் மாட்டியிருந்த பக்கத்தைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். புரட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை புரட்டினாள்.

"முனை இல்லையே."

"இல்லாம எங்க போகும்? குடுடி."

"இல்லன்னா இல்ல. இந்தா பாரு, வளைஞ்சு திரும்பிப் போகுது."

அடியக்கா அதை வாங்கினாள். விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். துணி ஒன்றா இரண்டா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்கிற விரல்கள். படபடப்பில் இதுவரைக்கும் அவை தூங்கிப்போயிருந்தன.

"மடிப்பு," என்றாள், "நேத்து இந்தக் கயித்தை என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே. நீளமா அசிங்கமாக் கிடந்துச்சு. சும்மா..." அவள் வாய் பாதியில் நின்றது. "பாதியா மடிச்சு முறுக்கி வெச்சேன்."

முதலில் சிரித்தவர் படகுக்காரர். பிறகு நெட்டை படகே ஆடும்படி சிரித்தாள். மடிப்பு முகத்தை மூடிக்கொண்டாள். "என் கைதான்கா. என்னைக் கேக்காமலே மடிச்சிடுது."

"அந்தக் கைதான் முனையையும் கேட்டுச்சு" என்றாள் அடியக்கா.

முறுக்கைப் பிரித்தார்கள். நனைந்த துணி லேசில் பிரியவில்லை, பல்லையும் போட வேண்டியிருந்தது. ஒற்றை முனையில் பெட்டியைக் கட்டி மறுபடி விட்டபோது நெட்டையே எண்ண ஆரம்பித்தாள், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு விரிப்பு என்று. முன்னே நின்ற இடத்தைக் கயிறு தாண்டியது. அவள் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. "பதினஞ்சு. பதினாறு. பதினேழு..."

கயிறு தளர்ந்தது.

அடியக்கா சற்றே தூக்கினாள், கனம் வந்தது. விட்டாள், கனம் போயிற்று. தூக்கினாள், விட்டாள். மேசைமேல் பெட்டியை வைத்து எடுப்பது போல. அங்கே கீழே, யாரும் பார்த்திராத இருட்டில், ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"நீ பிடி" என்று நெட்டையின் கையில் கொடுத்தாள். நெட்டை தூக்கினாள், விட்டாள். மடிப்பும் அப்படியே செய்துபார்த்தாள். படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டு, "ஒரு தடவை நானும்" என்று கேட்டு வாங்கினார். அவர்தான் நெடுநேரம் வைத்திருந்தார்.

மேலே இழுத்தபோது இஸ்திரிப்பெட்டியின் துளைகளில் எல்லாம் சாம்பல்நிறச் சேறு அடைத்திருந்தது. அடியக்கா விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்று ஒன்றுமே இல்லை, முகப்பவுடர் போல இருந்தது. எது இந்தப் பாறையை இவ்வளவு நைசாக அரைத்தது? இதுதான் தண்ணீரில் கலந்து அந்த நிறமாகத் தெரிகிறதோ? ஒரு கேள்வி முடிந்த இடத்தில் இரண்டு கேள்விகள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"இனிமே நான் என்ன சொல்றது?" என்றார் படகுக்காரர். சேற்றில் ஒரு துளியைத் தன் கட்டைவிரலிலும் பூசியிருந்தார்.

"பதினேழு விரிப்புன்னு சொல்லுங்க."

"விரிப்புன்னா என்னன்னு கேப்பாங்களே."

"அப்ப அதை மடிக்கிறவங்களைப் பத்திச் சொல்லுங்க."

இறக்கத்தில் மிதிக்கத் தேவையில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கைதான் மரத்தது. மரங்கள் மறுபடி முழங்காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தலைக்கும் வளர்ந்தன. நடுவில் அடியக்கா பிரேக் போட்டு நின்றாள். "ஒரு விரிப்பு எட்டடி. முடிச்சுக்குப் போனதைக் கழிச்சாலும் நூத்து முப்பது அடி தேறும்."

"அத்தனை அடி உங்க வாத்தியார்கூட அடிச்சிருக்க மாட்டார்" என்றாள் நெட்டை, பக்கத்தில் வந்து நின்று.

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் சுழல்நாற்காலியோடு உருண்டு வந்தபோது, தலையணை உறை மேசைக்கு முன்னால் நெட்டை உட்கார்ந்திருந்தாள், கவிழ்த்துப்போட்ட துணிக்கூடையின் மேல். உட்கார்ந்தும் அவர் உயரம் இருந்தாள். பக்கத்தில் அடியக்கா நின்றாள். பின்னால் மடிப்பும் மற்றவர்களும் நின்றார்கள். மேசையில் இரண்டு அடுக்குகள், ஒரே உயரம். ஓரத்தில் துளைகளில் சேறு காய்ந்த இஸ்திரிப்பெட்டி.

"என்ன இது? எழுந்திரு. நின்னு மடிச்சாத்தான் நேரா வரும்னு எத்தனை தடவை சொல்றது?"

அடியக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நெட்டை முந்திக்கொண்டாள்.

"இதுல ஒரு அடுக்கு நின்னு மடிச்சது சார், ஒண்ணு உட்கார்ந்து மடிச்சது. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா எழுந்துக்குறேன்."

அவர் அடுக்குகளைப் பார்த்தார். ஒன்றின் மேலிருந்த உறையை எடுத்து விளிம்பைத் தடவினார். மற்றதை எடுத்தார். இரண்டையும் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார். உருளைகள் சுடச்சுட விரிப்புகளைத் துப்பிக்கொண்டிருந்தன, எடுக்க ஆளில்லாமல் அவை தரையில் குவிந்தன. எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

"நாளைக்குப் பேசுவோம்" என்றார் அவர்.

"சரி சார்" என்றாள் நெட்டை, எழுந்திருக்காமல். அடுத்த உறையைக் கையில் எடுத்தாள். "அதுவரைக்கும் நான் இப்படியே மடிச்சுட்டிருக்கேன்."